மாரப்பன் தின்ற மீனும் என் பச்சைப் பேனாவும்

மலைக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நர்ஸ் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் அக்கா, ஊக்கமாக இருக்கட்டும் என்று கேட்டார்கள். ஊக்கமாக எழுத எனக்கு வராது. முப்பது வருஷத்துக்கு மேல் இந்தச் சேர்வராயன் மலையில் எஸ்டேட் எஸ்டேட்டாக ஏறி இறங்கிப் பிரஷர் பார்த்தவள் நான். ரிட்டயர் ஆகி இரண்டு வருஷம் ஆகிறது. முழங்கால் தேய்ந்துவிட்டது, கோபம் மட்டும் தேயவில்லை. அதனால் கோபமாகத்தான் எழுதுவேன். பிடிக்காதவர்கள் இந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டுப் போகலாம்.

போன வாரம்கூட என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. ‘தினமும் மீன் சாப்பிடுங்கள், மாரடைப்பை விரட்டுங்கள்.’ கீழே துள்ளுகிற மீன் படம், பக்கத்தில் சிரிக்கிற இதயம் படம். அனுப்பியது யாரோ வேலையற்றவர் இல்லை. என்னோடு பத்து வருஷம் வேலை பார்த்த நர்ஸ். போனைக் கட்டிலில் விட்டெறிந்துவிட்டு, சமையல் கட்டுக்குப் போய்த் தேய்த்த பாத்திரத்தையே மறுபடியும் தேய்த்தேன். எனக்கு ஏன் அவ்வளவு ஆத்திரம் வந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சில வருஷம் முன்பு எங்களையெல்லாம் கீழே ஒரு கூட்டத்துக்கு அழைத்திருந்தார்கள். வயதான ஆண்களுக்கு வரும் இதய நோயைப் பற்றிப் பேச ஒரு பெரிய டாக்டர் வந்திருந்தார். திரையில் படம் படமாகப் போட்டார். ஆட்டுக்கறியின் கொழுப்பு எப்படிக் குழாயை அடைக்கிறது, மீனின் கொழுப்பு எப்படி நல்லது செய்கிறது என்று அழகாகத்தான் சொன்னார். பீடி, உப்பு, சாராயம், மாத்திரை எல்லாவற்றையும் கடைசிப் படத்தில் ஒரே மூச்சில் படித்துவிட்டு, நேரமாகிவிட்டது என்று காரில் ஏறிப் போனார். அதற்குப் பிறகு எங்களுக்கு மட்டன் பிரியாணி போட்டார்கள். நாங்களும் தின்றோம். நான் இரண்டு தரம் கேட்டு வாங்கினேன்.

அவரை மட்டும் திட்டினால் அது ஏமாற்றுவேலை. கூட்டத்திலிருந்து நான் மலைக்குக் கொண்டு வந்தது அந்த மீனை மட்டும்தான்.

காரணம் இருந்தது. எஸ்டேட்டுகளில் நாங்கள் கேம்ப் போடுவது காலையில், கணக்கு எழுதும் ரைட்டர் ஆட்களைப் பேர் கூப்பிடும் ஷெட்டில். பெண்கள் வந்து உட்காருவார்கள். ஐம்பத்தைந்து, அறுபது தாண்டிய ஆண்கள் இருக்கிறார்களே, அவர்கள் நாங்கள் மேஜை போடுவதைப் பார்த்தாலே மிளகுக் கொடிக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவார்கள். “நர்சம்மா வந்தா பீடிய விடு, சாராயத்த விடுன்னு கத்துவாங்க, வேலையப் பாருங்கப்பா” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது என் காதில் விழும். அவர்களைப் பிடித்து உட்கார வைக்க எனக்கு ஒரு வழி தேவைப்பட்டது. பிடித்ததை முதலில் சொல்வோம், பிடிக்காததை அடுத்த மாதம் சொல்லலாம் என்று ஒரு கணக்குப் போட்டேன். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று எனக்கே என்மேல் மெச்சுதல்.

“கறியக் கொறைங்க. மீன் நல்லாத் தின்னுங்க. நெஞ்சுக்கு நல்லது” என்றேன்.

ஷெட்டே கலகலத்துப் போனது. மலையிலிருந்த ஆண்கள் எல்லாருக்கும் திடீரென்று நான் நல்லவளாகிவிட்டேன். முன்வரிசையில் எழுந்து நின்று கேட்டவர் மாரப்பன். வெள்ளக்கடை ஊருக்கு மேலே இருக்கும் அந்த எஸ்டேட்டில் காபி காயவைக்கும் களத்துக்குக் காவல்காரர். அறுபத்து மூன்று வயது. இவருடைய தாத்தா காலத்தில் கீழ்நாட்டிலிருந்து எஸ்டேட் வேலைக்கு மலையேறிய குடும்பம். பிரஷர் மாத்திரை எழுதிக் கொடுத்து வருஷம் ஆகியிருந்தது. ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி.

“ஏனுங்க நர்சம்மா, மீன் தின்னா உள்ள இருக்கற அடைப்பெல்லாம் கரைஞ்சு போயிருமாங்க?”

நான் சிரித்துக்கொண்டே, “மொதல்ல தின்னுட்டு வாங்கண்ணா, அப்புறம் பாக்கலாம்” என்றேன்.

கரையாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை.

அடுத்த மாதம் மாரப்பன்தான் வரிசையில் முதல் ஆள். தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார்.

“நீங்க சொன்னாப்பல தெனமும் மீனுங்க நர்சம்மா. ஒரு நாள் தவறலீங்க.”

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. நோயாளிகளின் கார்டில் கெட்டதைச் சிவப்பு மையிலும் நல்லதைப் பச்சை மையிலும் எழுதுவேன். பச்சை மை அதிகாரிகளுக்கு உரியது, நர்ஸ் எழுதக் கூடாது என்று ஒரு முறை திட்டுகூட வாங்கினேன். கேட்கவில்லை. படிக்கத் தெரியாதவர்களுக்கும் நிறம் தெரியும் அல்லவா? மாரப்பன் கார்டில் உணவு என்ற கட்டத்தில் பச்சையில் கொட்டை எழுத்தாக ‘நன்று’ என்று எழுதிக் கொடுத்தேன். அவர் அதை வரிசையில் நின்ற எல்லாருக்கும் காட்டிவிட்டுப் போனார்.

பிரஷர் இறங்கவில்லை. மேட்டில் ஏறி வந்திருக்கிறார், அதனால் இருக்கும் என்று கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லி மறுபடி பார்ப்பேன். சற்றே இறங்கும், ஆனாலும் கூடுதல்தான். அதை எழுதிக்கொண்டு அனுப்பிவிடுவேன். இப்படி நான்கு மாதம். மாத்திரை போடுகிறீர்களா என்று கேட்டால் “ஆமாங்க” என்பார். பீடி எவ்வளவு என்று கேட்டால், “கொறைச்சுக்கிட்டே வர்றேனுங்க” என்பார். தினமும் மீன் என்கிறாரே, இந்த மலையில் தினமும் மீன் எங்கிருந்து வருகிறது என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. நானும் இந்த மலையில்தான் குடியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மேட்டூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் மொபெட்டில் ஐஸ் பெட்டி வைத்துக்கொண்டு வருவார் என்பது எனக்குத் தெரியும். நானே அவரிடம் வாங்குவேன். தெரிந்தும் கேட்கவில்லை. என் பச்சை மையில் எனக்கு அவ்வளவு மயக்கம்.

காபிப் பழம் பறிக்கும் சீசன் வந்தது. ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். எஸ்டேட் ஜீப் எங்கள் துணைச் சுகாதார நிலையத்தின் முன் வந்து நின்றது. டிரைவர் கைத்தாங்கலாக மாரப்பனை இறக்கினார். நெஞ்சுக்கூட்டுக்கு நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு வந்தார்.

“ஒண்ணுமில்லீங்க நர்சம்மா. ராத்திரி மீனு கொஞ்சம் ஜாஸ்தியாப் போச்சு. வாயு. இஞ்சி தட்டிக் குடிச்சேன், கேக்கல. மூட்டை நகத்துனதுல கையும் புடிச்சுக்கிச்சு.”

எந்தக் கை என்று கேட்டேன். இடது கை.

பிள்ளைகளே, இந்த இடத்தில் நின்று கவனமாகப் படியுங்கள். அறுபது தாண்டிய ஆண், பீடிக்காரர், பிரஷர்காரர், நெஞ்சு அழுத்தம், இடது கை வலி. நர்சிங் முதல் வருஷம் படிக்கிற பெண்ணைக் கேட்டால்கூட என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிடுவாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் சட்டைப் பையிலிருந்த கார்டை எடுத்துப் பார்த்தேன். நான்கு கட்டத்தில் நான்கு ‘நன்று’. எல்லாம் என் கையெழுத்து. மனுஷன் ஒழுங்காக இருக்கிறார், வாயுவாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. வாயு மருந்தை ஊற்றிக் கொடுத்து, பெஞ்சில் படுக்கச் சொன்னேன்.

இதில் இன்னொன்றும் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு பேரை நெஞ்சு வலி என்று மலைமேல் இருக்கும் டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, இரண்டும் வாயு என்று திரும்பி வந்திருந்தது. அங்கிருந்த ஒருவர் போனில், “என்ன சிஸ்டர், ஏப்பம் விட்டா எல்லாரையும் அனுப்பிருவீங்களா?” என்று கேலி செய்திருந்தார். மூன்றாவது முறையும் அந்தக் கேலியைக் கேட்க எனக்கு இஷ்டமில்லை. ஒரு ஆளின் உயிருக்கும் என் மானத்துக்கும் நடுவில் நான் அந்தக் காலையில் மானத்தைப் பார்த்தேன்.

இருபது நிமிஷம் போனது. ஜீப் டிரைவர் போகாமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் பெயர் எனக்குத் தெரியாது, புதிதாக வந்தவர். வேலை கெடுகிறதே என்று கோபித்துக்கொண்டு நிற்கிறார் போல என்று நினைத்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, மாரப்பனின் நெற்றியைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார்.

“நர்சம்மா, கோவிச்சுக்காதீங்க. இது வாயு இல்லீங்க.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று சுள்ளென்று கேட்டேன்.

“வெளியில குளுருதுங்க. நானே ஸ்வெட்டர் போட்டிருக்கேன். இவரு சட்டை புழிஞ்சா தண்ணி வருமாட்ட நனைஞ்சு கெடக்குதுங்க. எங்கப்பனும் இப்பிடித்தான் வேர்த்தாரு. நான் வண்டியத் திருப்பறேன், ஏறுங்க.”

அப்போதுதான் மாரப்பனைப் பார்த்தேன். அதுவரை கார்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் சாம்பல் பூத்திருந்தது. டிரைவர் கையில் கார்டு இல்லை, அதனால் அவர் ஆளைப் பார்த்தார். முப்பது வருஷ சர்வீஸில் எனக்குப் பாடம் சொன்னவர்களில் அவரைப் போல யாரும் கிடையாது. அவருடைய பெயரை நான் பிற்பாடும் கேட்டுக்கொள்ளவில்லை என்பது எனக்கு இன்றும் வெட்கம்.

டவுன் ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்ததும் டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். “எப்ப ஆரம்பிச்சது?” என்றார். சொன்னேன். “உங்ககிட்ட எப்ப வந்தார்?” என்றார். அதையும் சொன்னேன். கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, ஆம்புலன்ஸில் ஏற்றி, சேலத்துக்குப் போன் செய்துவிட்டார். நானும் ஏறிக்கொண்டேன்.

மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் உங்களுக்குத் தெரியும். சுற்றுலா வருகிறவர்கள் நடுவளைவில் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சைரன் போட்டும் ஒதுங்க அவ்வளவு நேரம். கையை வெளியே நீட்டிக் கெட்ட வார்த்தையில் கத்தினேன். வாழ்க்கையில் முதல் முறை.

மாரப்பன் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து பேசியதால் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

“ஏனுங்க நர்சம்மா. ஒரு நாளும் தவற விடலீங்களே. மீன் பத்தலீங்களா?”

“பேசாதீங்கண்ணா. மூச்ச இழுத்து உடுங்க” என்றேன். அடிவாரம் வருவதற்கு இரண்டு வளைவு இருக்கும்போது அவர் கை முந்தானையை விட்டுவிட்டது. அதற்கப்புறம் வண்டிக்குள் நாங்கள் செய்ததெல்லாம் செய்ய வேண்டிய கடமை. பலிக்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் நான்காவது. மனைவி செல்லம்மா என்னைத் திட்டுவார், திட்டட்டும் என்று தயாராகப் போனேன். அவர் பாயை விரித்து, காபி வைத்துக் கொடுத்தார். டம்ளரை வாங்கிக் கீழே வைத்தேன்.

“செல்லம்மா, தினமும் மீன்னாரே. என்ன மீன்?” என்று கேட்டேன். நான்கு மாதம் முன்பு கேட்டிருக்க வேண்டியது.

“ஞாயித்துக்கெழம மட்டும்தானுங்க பச்ச மீனு. மத்த நாளு இங்க எங்கீங்க கெடைக்கிது? கருவாடுதானுங்க. சந்தையில வாங்கி வெச்சுக்குவேன்.”

அடுப்புக்கு மேலே கயிற்றில் கருவாடு தொங்கியது. உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. ஓரத்தில் கறுத்துப்போன எண்ணெய்ச் சட்டி. முதல் நாள் பொரித்த எண்ணெயை மறுநாளும் ஊற்றிப் பொரித்திருக்கிறார்கள். அதில் செல்லம்மாவின் குற்றம் ஒன்றுமில்லை. ஊரெல்லாம் அப்படித்தான் பொரிக்கிறார்கள், எண்ணெய் என்ன ஊற்றிலா வருகிறது? பிரஷர்காரருக்கு மூன்று வேளையும் உப்பை ஊட்டச் சொல்லி அனுப்பியவள் நான்.

“மாத்திரை?” என்றேன்.

செல்லம்மா தகர டப்பாவைத் திறந்து காட்டினார். பிரிக்காத அட்டைகள் அப்படியே அடுக்கியிருந்தன. “மீன் திங்க ஆரம்பிச்சதுக்கப்புறம் பாதி நாளு போடறதில்லீங்க. அதான் நல்லாருக்குதுன்னு நர்சம்மாவே பச்சையில எழுதிட்டாங்களேம்பாரு. பீடிய உடுங்கன்னு நான் கத்துவேனுங்க. ‘அடியேய், அதுக்குத்தானே மீன் திங்கறேன்’னு சொல்லுவாரு. எனக்கென்னங்க தெரியும், படிச்சவங்க சொல்றீங்கன்னு நானும் உட்டுட்டேன்.”

பீடிக்கு மீன் ஈடு. சாராயத்துக்கும் மீன் ஈடு, அதற்குத் தொட்டுக்கொள்ளவும் மீன். மாரப்பன் மட்டும் இல்லை, அந்த ஷெட்டில் சிரித்த ஆண்கள் எல்லாரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள் என்று பிறகு வீடு வீடாகப் போனபோது தெரிந்தது. அவர்கள் மீதும் எனக்குக் கோபம்தான். பத்துச் சொன்னால் நாக்குக்கு ருசியான ஒன்றை மட்டும் பொறுக்கிக்கொண்டு, மற்றதைப் பெண்டாட்டி புலம்பல் என்று தள்ளிவிடுகிற இந்த ஆம்பிளைகளை என்ன செய்தால் தகும்? ஆனால் நான் பத்துச் சொல்லவில்லையே. ஒன்றைத்தானே சொன்னேன். அவர் அதை ஒரு நாள் தவறாமல் செய்தார்.

மீன் கெட்டது என்று நான் சொன்னதாக யாரும் கிளப்பிவிடாதீர்கள். கொழுப்புக் கறிக்குப் பதிலாக அளவான எண்ணெயில் குழம்பு வைத்த நல்ல மீன் நல்லதுதான். அது பீடிக்குப் பரிகாரம் ஆகாது. மாத்திரைக்கு மாற்று ஆகாது. இந்த இரண்டையும் சொல்லாமல் மீன் என்று வாயைத் திறக்காதீர்கள். ‘உணவு ஆலோசனை வழங்கப்பட்டது: ஆம், இல்லை’ என்று உங்கள் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறதல்லவா, அதில் நான் மாரப்பனுக்கு மாதா மாதம் ‘ஆம்’ போட்டேன். மேலதிகாரிகளுக்கு அது போதும். அந்தக் கட்டத்தை யார் கண்டுபிடித்தார்களோ, ஒரு நாள் அவர்களை அந்த ஆம்புலன்ஸில் ஏற்றி இருபது வளைவும் இறக்க வேண்டும்.

இந்தக் கூத்தில் இன்னொரு பெரியவரும் இருந்தார். மலைக்காரர், சாமையும் கொஞ்சம் காபியும் பயிரிடுகிறவர். சேர்வராயன் சாமிக்கு நேர்ந்துகொண்டு வருஷக்கணக்காகக் கவுச்சி தொடாதவர். கேம்ப்பில் வந்து, “நான் மீன் திங்க முடியாதுங்களே, அப்ப எனக்கு நெஞ்சு போறது போறதுதானுங்களா? பீடிய மட்டும் உட்டு என்ன பிரயோசனம்?” என்று கேட்டார். மாரப்பன் போன பிறகு நடந்தது இது. இந்த முறை நான் சிரிக்கவில்லை. அவர் வீட்டுக்கு நடந்து போய், உப்புச் சாடியிலிருந்து ஊறுகாய்ப் பானை வரை திறந்து பார்த்து, பீடிக்கட்டு எங்கே ஒளித்து வைத்திருக்கிறார் என்று அவர் மருமகளிடம் கேட்டு, ஒரு மணி நேரம் சண்டை போட்டுவிட்டு வந்தேன். “நொம்ப பேசறீங்க நர்சம்மா” என்று முறைத்தார். மூன்று மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் பீடியை விட்டார். இன்றைக்கும் தலைச்சுமையோடு மேடேறுகிறார், இன்றைக்கும் என்னைக் கண்டால் முறைக்கிறார். முறைக்கட்டும். என்னைப் பிடிக்காமல் இருந்துகொண்டு உயிரோடு இருக்கட்டும்.

பச்சைப் பேனாவை அதற்குப் பிறகு நான் தொடவில்லை.

ரிட்டயர் ஆகிற வாரம் கடைசியாக ஒரு முறை செல்லம்மா வீட்டுக்குப் போனேன். சுவரில் மாரப்பனின் படம் மாட்டியிருந்தது. படச் சட்டத்தின் மூலையில் எதையோ செருகியிருந்தார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் அந்தக் கார்டு. சட்டைப் பையிலிருந்து நான் எடுத்ததை ஆம்புலன்ஸில் அவர் துணிமணியோடு வைத்துவிட்டேன் போலிருக்கிறது. நான்கு ‘நன்று’ம் மங்காமல் தெரிந்தன.

“செல்லம்மா, அதைக் குடுத்திரு. கிழிச்சுப் போடணும்” என்றேன்.

“ஐயோ, எதுக்குங்க?” என்று படத்துக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். “அவரு பள்ளிக்கூடப் பக்கமே போனதில்லீங்க. நல்லாச் செய்யறீங்கன்னு அவருக்கு எழுதிக் குடுத்தது நீங்க ஒருத்தருதானுங்க.”

அந்தக் கார்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது. வெள்ளக்கடைப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள், மேஜை போடுவதற்கு முன்னால் ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். லைனில் நான்காவது வீடு. கையெழுத்து என்னுடையது.